சிவப்பு நூல் கட்டிய பீக்கர்

கண்ணாடி பீக்கரில் தேநீர் கொதிக்கும் நிறம் எனக்கு இன்றும் பிடிக்காது. சிவாஜிநகர் பக்கம் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் தற்காலிக அட்டெண்டராக இருந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு, மர்பி டவுனில் வாடகை அறை. வேலையைச் சீக்கிரம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியத் தேநீரை அங்கே பர்னரில், பீக்கரில்தான் போடுவோம். மருந்து பட்ட கண்ணாடியோடு கலந்துவிடாமலிருக்க அந்த பீக்கரின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

மேடம் அந்தத் துறையின் முதல் பெண் பேராசிரியை. அங்கே ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது. புகை வெளியேற வழியில்லாத மூலை அறையை அவருக்கு ஒதுக்கினார்கள். அவருடைய குடுவைகளைக் கழுவக் கூடாதென்று எங்களுக்கு வாய்மொழி உத்தரவு. அவரே கழுவிக்கொண்டு, ஆசிட் பட்டுத் தோலுரிந்த விரல்களோடு வகுப்புக்குப் போவார். அவருக்கும் எங்களைப் பிடிக்காது. "ஏய், இங்க வா" என்பதற்குமேல் என்னிடம் ஒரு சொல் செலவழித்ததில்லை.

அவர் துறைத் தலைவரான அன்று, அந்தப் பதவிக்குக் காத்திருந்த மூத்த பேராசிரியர் பீக்கரை என் கையில் கொடுத்தார்.

"போப்பா, புது ஹெட் அம்மாகிட்ட கொடு. சக்கரை சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லு. இனிமே டீ டிபார்ட்மென்ட்டும் அவங்களோடதுதானே!"

அறையே சிரித்தது. கொண்டுபோய்ச் சொன்னேன். மேடம் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் அனுப்பினாங்க?"

பெயரைச் சொன்னேன்.

"அவரை என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நாளையிலிருந்து நீ வராதே."

தேநீரைத் தொட்டியில் கொட்டி, பீக்கரையும் அதிலேயே போட்டு உடைத்தார்.

பிறகு அத்திபெலேயில் லாரிக்கு மூட்டை ஏற்றினேன், ஓசூரில் வாட்ச்மேன், அப்புறம் கேட்டரிங். எதிலும் நிலைக்கவில்லை. மேடம் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தார். அவருக்குப் பின் அந்த லேபில் பெண்கள் நிறைந்தார்கள். உண்மைதான். அதற்காக என் மனம் இளகவில்லை.

போன மாதம் அவருடைய பணி நிறைவு விழாவுக்கு எங்கள் கேட்டரிங். அவருக்குச் சால்வை போர்த்தியவர், எப்போதோ ஓய்வு பெற்ற அதே மூத்த பேராசிரியர். "எங்க துறையோட பெருமை" என்று மைக்கில் தழுதழுத்தார். மேடம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் கோப்பையை நீட்டினேன். நிமிர்ந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"யார் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல மேடம். இதான் என் வேலை."

வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். கூட்டம் கலைந்து கோப்பைகளைப் பொறுக்கப் போனபோது, அவருடையது மட்டும் தொடாமலே ஏடு கட்டியிருந்தது. நானே தொட்டியில் கொட்டினேன். கோப்பையை உடைக்கவில்லை. உடைத்தால் இந்த வேலையும் போகும்.