ரோசேர் வீட்டுப் பின்னறை வால்வு

ரோசேர் டேகல் தன் கடைவாய்ப் பல்லைத் தானே குறடு போட்டுப் பிடுங்கிக்கொண்டார் என்று எங்கள் ஆற்றோரத்தில் ஒரு பேச்சு உண்டு. பல் சங்கதி கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனால் ஆள் அப்படித்தான். உருளைக்கிழங்கு லாரி ஓட்டிய காலத்தில் வண்டி நின்றால் பனியில் மல்லாந்து படுத்து அவரே சரிசெய்வார். கூரை ஒழுகினால் அவரே ஏறுவார். ஒருவரை உதவிக்குக் கூப்பிடுவது அவருக்கு நடுத்தெருவில் கால்சட்டை அவிழ்ந்த மாதிரி.

இதில் வேடிக்கை, அவர் மனைவி ஜெர்மேனின் தம்பி லியோனல், வீட்டைச் சூடாக்கச் சுடுநீர் காய்ச்சும் பாய்லர்களைப் பழுதுபார்ப்பவர். ஊரில் பாதி வீடு அவர் கையால்தான் குளிர் காய்கிறது. சில குளிர்காலங்களுக்கு முன் ஒருநாள், உங்கள் பாய்லரையும் ஒரு பார்வை பார்த்துவிடட்டுமா என்று லியோனல் கேட்டார். என் வீட்டு பாய்லரைத் தொட எனக்கே இரண்டு கை இருக்கிறது என்று விருந்து மேசையில் எல்லார் முன்னும் சொல்லிவிட்டார் ரோசேர். அன்றிலிருந்து ஞாயிறு சர்ச் பூசை முடிந்து வெளியே வரும்போது தலையசைப்பதோடு சரி. ஜெர்மேன்தான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

அந்த ஜெர்மேன் இலையுதிர்காலக் கடைசியில் வாதம் வந்து விழுந்தாள். இடப்பக்கம் அசைவில்லை. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதா, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் காப்பகத்துக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்ய வேண்டியவள் நர்ஸ் கார்மெல். இன்று மதியம் வீட்டைப் பார்க்க வருகிறாள். ரோசேர் பின்னறையில் கட்டில் போட்டு, சக்கர நாற்காலி நுழைய வாசலை அகலப்படுத்தி, கைப்பிடிகள் அடித்து வைத்திருந்தார். அறை ஃபாரன்ஹீட் கணக்கில் அறுபத்தெட்டு டிகிரி காட்ட வேண்டும் என்று கார்மெல் சொல்லியிருந்தாள். மின்சார ஹீட்டர் கூடவே கூடாது; தீப்பிடித்தால் எழுந்து ஓட முடியாதவள். முந்தின நாள் தொலைபேசியில் ஜெர்மேன் கோணிய வாயால் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "என்னை எங்கயும் விட்டுடாதே, ரோசேர்."

காலையில் பின்னறை ஐம்பத்தொன்று காட்டியது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து.

முதலில் அவர் பயப்படவில்லை. பின்னறைக்குச் சுடுநீர் விடும் வால்வு கொஞ்ச நாள் முன்பே மக்கர் செய்தது. அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன மோட்டார் பெட்டி செத்துப்போயிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு நெம்பு உண்டு. அதைத் தள்ளினால் வால்வு திறந்தே நிற்கும். தள்ளினார், அறை சூடானது. நிலவறையில் தனக்குத்தானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டார். அதனால் இன்று குறை குளிரிடம்தான் என்று நினைத்தார்.

குளிர் முற்றினால் எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதைச் செய்தார். சமையலறை விறகடுப்பில் நல்ல மேப்பிள் கட்டைகளாக அடுக்கினார். பாய்லர் எரிக்கும் எண்ணெயை மட்டும் நம்பி இருப்பவனுக்கு இங்கே சோம்பேறி என்று பெயர். அடுப்பு உறுமியது. சமையலறையில் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தால் நாற்பத்தெட்டு.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்து, அறைக்குப் போய் முட்டிபோட்டுக் காற்றை வெளியே விடும் திருகைத் திறந்தார். தண்ணீர்தான் வந்தது, கை விறைக்கும் தண்ணீர். நிலவறைக்கு இறங்கி நெம்பைப் பார்த்தார், திறந்தேதான் இருந்தது. ஏறி வந்து இன்னும் நாலு கட்டை போட்டார். மறுபடி பின்னறை. நாற்பத்தைந்து. சுவரோரமாகச் சுடுநீர் ஓட வேண்டிய குழாயைத் தொட்டார், பனிக்கட்டியாக இருந்தது. வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய் அது, உறைந்தால் வெடிக்கும். வெடித்தால் அந்த அறை இந்தக் குளிர்காலத்துக்கு இல்லை. அறை இல்லையென்றால் ஜெர்மேனும் இல்லை.

லியோனலைக் கூப்பிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்டிவிட்டு மறுபடி நிலவறைக்கு இறங்கினார். பாய்லருக்கு முன்னால் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் தீர்த்தார். தீர்ந்த பிறகுதான் கவனித்தார். நிலவறையில் சத்தமே இல்லை. பாய்லர் ஓடவில்லை. தண்ணீரைத் தள்ளும் பம்பும் ஓடவில்லை.

இரண்டிரண்டு படியாகத் தாவிச் சமையலறைக்கு ஏறினார். சுவரில், அறை குளிர்ந்தால் பாய்லரிடம் சூடு கேட்கும் தெர்மோஸ்டாட் எண்பத்துநாலு காட்டியது.

அவருக்கு அப்போது எல்லாம் விளங்கியது. நெம்பு தண்ணீருக்கு வழி விடும், அவ்வளவுதான்; பாய்லரை எழுப்பாது. எழுப்புகிற வேலை அந்த மோட்டார் பெட்டியுடையது, அதுதான் செத்துக் கிடக்கிறதே. இத்தனை நாளும் சமையலறை சூடு கேட்டபோதெல்லாம் பாய்லர் ஓடியது, பின்னறையும் அந்தத் தயவில் பிழைத்தது. இன்று அடுப்பு சமையலறையை வேகவைக்க, அங்கிருந்து சூடு கேட்க ஆளில்லை. அவர் போட்ட ஒவ்வொரு கட்டையும் ஜெர்மேனின் அறையைக் குளிரவைத்திருக்கிறது. அடுப்பின் முன் நின்றபடி அவருக்கு அழுகை முட்டியது.

தெர்மோஸ்டாட்டைக் கடைசி எண் வரை திருகினார். கீழே பாய்லர் தடதடவென்று எழுந்தது. ஆனால் இப்படியே விட்டால் சமையலறையில் மனுஷன் இருக்க முடியாது. குறைத்தால் பின்னறை செத்துவிடும். மறுபடி இறங்கி மின்சாரத்தை நிறுத்தினார். தண்ணீரைத் தொடாமல் கழன்று வரும் பெட்டி என்பது நல்லகாலம். சமையலறை வால்வின் நல்ல பெட்டியைக் கழற்றிப் பின்னறை வால்வில் மாட்டினார். செத்த பெட்டி சமையலறைக்கு. சமையலறையை விறகு பார்த்துக்கொள்ளும். ஒரு கம்பி இரண்டு முறை நழுவியது. மின்சாரத்தைத் திரும்பப் போட்டு, பின்னறைக்கு ஓடி அதன் தெர்மோஸ்டாட்டை ஏற்றினார். கீழே பெட்டி முனகியபடி திறந்தது, பாய்லர் பிடித்துக்கொண்டது. குழாய் முதலில் வெதுவெதுத்தது, பிறகு கை வைக்க முடியாமல் சுட்டது.

கார்மெல் வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனபோது அறுபத்துமூன்று. ரோசேர் கரியும் வியர்வையுமாக வாசலில் நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பெட்டி மாற்றிய இடத்தில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. அவள் குழாயைத் தொட்டாள், கைப்பிடிகளை இழுத்துப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சூடு ஏறுது, சரி. இது மறுபடி நின்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

"எதுக்குக் கூப்பிடணும்? நானே பாத்துக்குவேன்."

"காலையில இருந்து நீங்களேதான் பாத்துக்கிட்டிருக்கீங்க. அப்ப ஜெர்மேன் இந்தக் கட்டில்ல படுத்திருந்தா?"

ரோசேர் கட்டிலைப் பார்த்தார். கார்மெல் பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கும் லியோனலைத் தெரியும். ஆனால் அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை.

அவர் சமையலறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். எண் மறக்கவில்லை. அவர் குரலைக் கேட்டதும் மறுமுனையில் லியோனல் பதறினார்.

"அக்காவுக்கு என்ன ஆச்சு? போயிட்டாளா?"

அந்தக் கேள்வி ரோசேரை அடித்துப் போட்டது. ஒரு சாவு விழுந்தால்தான் இந்த வீட்டிலிருந்து தனக்கு அழைப்பு வரும் என்று அவன் இத்தனை நாளாக நம்பியிருக்கிறான்.

"இல்ல. நல்லாருக்கா. வீட்டுக்கு வரணும் அவ." தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். "பின்னறை வால்வு போச்சு, லியோனல். என்னால ஆகல. நீ வந்து பாக்கணும்."

"வரேன் மச்சான். நான் வர்ற வரைக்கும் எதுலயும் கை வைக்காதீங்க" என்றார் லியோனல்.

ரோசேர் திரும்பியபோது கார்மெல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "ஜெர்மேனை வியாழக்கிழமை கூட்டிட்டு வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டக் குனிந்தாள்.