என் முகம் சொன்ன பெயர்கள்

நம்பாவிட்டால் போங்கள். பேய்க்கதை சொல்பவர்களைக் கண்டாலே கேலி செய்து விரட்டியவன்தான் நானும். ஆனால் இது 1997 நவம்பரில், இத்தாலியின் பலெர்மோவில், எனக்கே நடந்தது. ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி. அதைக் கூட்டித் துடைத்துப் பூட்டுவது அப்போது என் வேலை. அங்கே கண்காட்சி வைத்திருந்தவர் ஷோல்பான் என்ற கஜகஸ்தான் பெண். வீடியோவில் கலை செய்பவர். மற்றவர்களின் படைப்புகளையும் தேடிச் சேர்த்துக் காட்சிக்கு வைப்பவர்.

"எங்கள் ஊரில் ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயர் தெரியாதவனை அநாதை என்பார்கள். ரஷ்யப் பள்ளியில் படித்த எனக்கு ஒரு பெயரும் தெரியாமல் போய்விட்டது," என்பார். அந்த ஏக்கத்தில்தான் பலெர்மோவிலிருந்த வெளிநாட்டுக்காரரையெல்லாம் பிடித்து, கமெராவுக்கு முன்னால் முன்னோரின் பெயர்களைச் சொல்ல வைத்தார். ஆளுக்கொரு தொலைக்காட்சிப் பெட்டி. மொரிசியஸ்காரன் மூர்கென் ஒன்றில், நான் இன்னொன்றில்.

ஒரே நிபந்தனை. "இறந்தவர்கள் மட்டும். உயிரோடு இருப்பவரைச் சேர்க்காதே, டெனிஸ்டன்."

என் அப்பா மன்னாரில் இருந்தார். தம்பி றெஜியும் அவரும் ஒரே வள்ளத்தில்தான் கடலுக்குப் போவார்கள். ஆகவே நான் அப்பப்பாவில் தொடங்கினேன். அப்பப்பா சந்தியா, அவருடைய அப்பா மரிசால், அவருக்கும் அப்பா பறுனாந்து. அதற்கு மேல் தெரியாது. "நீ அரை அநாதை," என்று ஷோல்பான் சிரித்தார்.

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. அப்பாவோடு கதைத்து இரண்டு மாதமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அழைக்கும்போது மன்னார்த் தொலைபேசிக் கடைக்குத் தங்கை அமலினி மட்டும்தான் வருவாள். "அப்பா கோயிலுக்குப் போயிட்டார் அண்ணா," என்பாள். இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம், பெர்மெஸ்ஸோ, எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அப்பாவின் குரலை ஒருதரம் கேட்டால் போதும் என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை 6.40. வெளியே மழை. பார்வையாளர்கள் போய்விட்டார்கள். ஒவ்வொரு பெட்டியாக அணைத்துக்கொண்டு வந்தேன். டக்... டக்... என் பெட்டிதான் கடைசி.

திரையில் என் முகம். தலைமுடி நனைந்திருந்தது. படம் எடுத்த அன்றைக்கோ நல்ல வெயில். திரையில்தான் ஈரமாக்கும் என்று துணியால் துடைத்தேன். போகவில்லை.

முகம் வாயைத் திறந்தது.

"சுவாம்பிள்ளை... சந்தியா... மரிசால்..."

சுவாம்பிள்ளை என் அப்பா. அந்தப் பெயரை நான் சொல்லவே இல்லை!

நாடாவைப் பின்னால் சுற்றினேன். கிர்ர்ர்...

மறுபடி என் முகம். இப்போது நாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. என் காலடியில் கேட்டது.

குனிந்து பார்க்கப் பயம்.

"றெஜி..." என்றது என் குரல். "சுவாம்பிள்ளை... சந்தியா..."

அணைக்காமலே ஓடினேன்.

மறுநாள் காலை ஷோல்பான் நாடாவைப் போட்டுக் காட்டினார். மூன்றே பெயர்கள். முடி காய்ந்திருந்தது. "நித்திரை போதவில்லை உனக்கு," என்றார்.

நேரே தொலைபேசிக்குப் போனேன்.

"அமலினி, நான் அப்பாவோடை கதைக்க வேணும்."

"அப்பா கோயிலுக்கு..."

"பொய் சொல்லாதை!"

அவள் விம்மினாள். "அப்பா இல்லை அண்ணா. புரட்டாசியிலை கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும்தான் கரை ஒதுங்கினது. சொன்னா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திடுவியள் எண்டு மறைச்சனாங்கள்."

நான் படத்துக்கு உட்கார்ந்தது ஐப்பசியில். உயிரோடு இருக்கிறார் என்று நான் விட்ட பெயர் அது. அடுத்த பெயரைக் கேட்டேன்.

"றெஜியிட்டைக் குடு."

இரைச்சல் மட்டும்...

பிறகு, அப்பாவைக் கோயிலுக்கு அனுப்பிய அதே குரலில் சொன்னாள்.

"றெஜி கடைக்குப் போயிட்டான் அண்ணா."