ஒரு வீட்டுக்கு மூன்று வக்கீல்

புத்தூரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் கலைமதிக்கு, ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பெரிய வீடொன்றும் இல்லை. கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை, பின்புறம் ஒரு முருங்கை மரம். ஆனால் மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் தென்னந்தோப்பு. பல் வலியால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களையும் அவள் கல்யாண வீட்டில் வரவேற்பது போல வரவேற்றாள். வாங்காத வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கும் ஒரே பெண் நீதான் என்று, டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவன் மாதவன் கேலி செய்தான்.

வீட்டுக்காரர் ரங்கசாமி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார். விலை பேசி முடித்த கையோடு அவர் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும். நம்ம வளவன் சாரே பாத்துக்குவாரு. எதுக்கு வீணா ரெண்டு ஃபீஸ்?"

பறந்துகொண்டிருந்த கலைமதி சட்டென்று தரையிறங்கினாள். பல வருடங்களுக்கு முன் உறையூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கியபோது, அதை விற்றவரும் இதே வார்த்தைகளைச் சொல்லி ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனார். அந்த வக்கீல் விற்பவரோடு தேநீர் குடித்துக்கொண்டே, கையெழுத்துப் போடவேண்டிய இடங்களை விரலால் காட்டினார். அஸ்திவாரம் போடப் போன அன்றுதான், மனைக்குப் போகும் பாதை வேறொருவருடையது என்று தெரிந்தது. கேட்டதற்கு, இரு தரப்புக்கும் பொதுவாகத்தான் பார்த்தேன் என்றார் வக்கீல். வழக்கு நடந்தது, பாதை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கலைமதி சட்டப் புத்தகங்களை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்திரம் படிக்கத் தானாகவே கற்றாள். அன்று முதல் அவள் கைக்கு வந்த எந்தக் காகிதமும், ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்த துண்டுச் சீட்டு உட்பட, அவள் படிக்காமல் வெளியே போனதில்லை.

ஆகவே தன் வக்கீலைத் தானே தேடினாள். தேடுவதற்கு ஒரு பரீட்சையும் வைத்தாள். ரங்கசாமி கொடுத்த மூலப்பத்திர நகலிலிருந்து, வீட்டின் நான்கு எல்லைகளையும் சொல்லும் சொத்து விவரப் பக்கத்தை மட்டும் உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டாகக் கொடுத்தாள். முதல் வக்கீல் கட்டைப் புரட்டாமலே கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். இரண்டாமவர் ஒரு வாரம் வைத்திருந்து, உரிமை தெளிவாக உள்ளது என்று அழகான தாளில் முத்திரை வைத்துக் கொடுத்தார். எந்த வீட்டுக்கு உரிமை என்றுதான் அந்தக் கட்டில் இல்லை.

மூன்றாவது, பாலக்கரையில் மாடிமேல் அலுவலகம் வைத்திருந்த ஆபிதா. முப்பது வயதுகூட இருக்காது. கட்டை ஒரு முறை புரட்டினாள், மறுமுறை புரட்டினாள், நிமிர்ந்தாள்.

"அக்கா, சொத்து விவரப் பக்கம் வீட்ல இருக்கா, கைப்பையில இருக்கா?"

கலைமதி கைப்பையைத் திறந்து எடுத்து நீட்டினாள்.

"எனக்கு முன்னாடி எத்தனை பேரு ஃபெயிலு?"

"ரெண்டு."

"சரி, இப்ப நான் ஒரு கேள்வி கேக்குறேன். இதுல எத்தனை பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

அவள் காட்டியது விடுதலைப் பத்திரம். ரங்கசாமியின் தாயும் தந்தையும் போனபின் வீடு மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாயிற்று. தம்பியும், முசிறியில் வாழ்க்கைப்பட்ட தங்கை வீரம்மாளும் தங்கள் பங்கை ரங்கசாமிக்கு விட்டுக்கொடுப்பதாக முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. கலைமதி அதை மனப்பாடமாகச் சொல்வாள். ஆனால் பெயர்களைப் படித்தவள் கையெழுத்துகளைப் பார்க்கவில்லை. தம்பி போட்டிருந்தார். வீரம்மாள் போடவில்லை.

இத்தனை படித்தும் கண்ணில் படவில்லையே என்று ஒரு கணம் முகம் சுண்டியது. மறுகணமே அவளுக்குத் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது. தனக்காக, தனக்கு மட்டுமாக, ஒருத்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மாடிப்படி இறங்கும்போதுதான் பயம் வந்தது. வீட்டில் ஒரு பங்கு ரங்கசாமியுடையதே இல்லை.

கலைமதி போய்ச் சொன்னதும் ரங்கசாமி முதலில் சிரித்தார். பதிவு நாளன்று வீரம்மாள் நிறைமாதம். முசிறியிலிருந்து வந்தால் கொள்ளிடத்தைத் தாண்டாமல் ஸ்ரீரங்கத்துக்குள் கால் வைக்க முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஆறு தாண்டக் கூடாதென்று அவள் மாமியார் நிறுத்திவிட்டார். குழந்தை பிறந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வந்திருந்தவர்களை வைத்துப் பதிவை முடித்தார்கள். குழந்தை பிறந்தது, பேர் வைத்தார்கள், காது குத்தினார்கள், எல்லாரும் வந்து சாப்பிட்டார்கள். கையெழுத்தை யாரும் நினைக்கவில்லை.

சொல்லி முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"இத்தனை வருஷத்துல எவன் கேட்டான்? வளவன் சாரை வச்சே முடிச்சுக்கிறேன்னு இன்னொருத்தர் நிக்கிறாரும்மா. புதன்கிழமை வரைக்கும் பாப்பேன்."

மொட்டை மாடியும் கோபுரமும் கண்முன்னே கைமாறுவது போலிருந்தது. தங்கைதானே, வந்து சண்டையா போடப் போகிறாள், வாங்கிவிடலாமா என்று மாதவன்கூடத் தயங்கிக் கேட்டான். கலைமதி ஆபிதாவுக்குப் போன் செய்தாள். வீடு வேண்டுமானால் முசிறிக்குப் போங்கள், கையெழுத்து வேண்டாமென்றால் வேறு வக்கீலைப் பாருங்கள் என்று பதில் வந்தது.

அவள் மறுபடி ரங்கசாமியிடம் போய், தங்கையைக் கூப்பிடுவதில் என்ன சிரமம் என்று நேராகக் கேட்டாள். அவர் வேட்டிக் கரையை நீவினார். இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு போவது என்றார். நானும் கூட வருகிறேன் என்றாள் கலைமதி. விசேஷத்துக்கு அழைப்பது போலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பூவன் பழம், ஒரு புடவை வைத்துக்கொண்டு இருவரும் முசிறி பஸ் ஏறினார்கள்.

தட்டைப் பார்த்த வீரம்மாள், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். அண்ணன் சுவரைப் பார்த்தார். விஷயத்தைக் கலைமதிதான் சொன்னாள். வீரம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வயித்துல இருந்தவன் இப்ப அதே பாலத்துல தெனமும் பைக்ல காலேஜுக்குப் போயிட்டு வரான். நான்தான் இன்னும் தாண்டலியாக்கும்?"

பிறகு சிரிப்பு நின்றது.

"அப்புறமும் என் கையெழுத்து வேணும்னே எனக்குத் தெரியாது அண்ணே. பிள்ளை பொறந்தப்புறமாவது சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

"தப்புத்தான் ஆத்தா," என்றார் ரங்கசாமி.

தட்டை வாங்கிக்கொண்டாள். ஆனால் யாராவது விவரம் சொல்லவேண்டுமென்று கலைமதியின் போனை வாங்கி ஆபிதாவிடமே கேட்டாள். "எனக்கும் நீங்களே பாத்துச் சொல்லிடுங்களேன், கண்ணு."

"நான் கலைமதி அக்காவோட வக்கீல்மா. உங்களுக்கு நல்லது எதுன்னு சொல்ல, உங்களுக்குன்னு ஒருத்தர் இருக்கணும்."

உறையூர் மனைக்காக அலைந்த காலமெல்லாம் கலைமதி யாராவது தன்னிடம் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிய சொற்கள் அவை. கண்ணில் நீர் வந்துவிட்டது; கூடவே சிரிப்பும் வந்தது. வீரம்மாள் தெரு முனையிலேயே அறிவுமதி என்ற வக்கீலைப் பிடித்தாள். பங்குப் பேச்சை அண்ணனும் தங்கையும் அவரை வைத்துக்கொண்டு அன்று மாலைக்குள் முடித்துக்கொண்டார்கள். விற்பவர்களில் ஒருத்தியாக வீரம்மாளையும் சேர்த்து ஆபிதா பத்திரத்தைப் புதிதாக எழுதினாள்.

புதன்கிழமை பதிவு அலுவலகத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மூன்று வக்கீல்கள் வந்து நின்றதைப் பார்த்து, சமஸ்தானம் கைமாறுகிறதா என்று பக்கத்தில் டோக்கனோடு நின்றவர் விசாரித்தார். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் கையெழுத்தாகவேண்டுமென்று ரங்கசாமி கடிகாரத்தையும் கலைமதியையும் மாறிமாறிப் பார்த்தார். கலைமதியோ முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். வளவன் சார் தொண்டையைக் கனைத்தார். "படிங்க அக்கா, நான் இருக்கேன்," என்றாள் ஆபிதா. வீரம்மாள் புதுப்புடவையில் கேமராவுக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்து, படம் சரியில்லை, இன்னொன்று எடுங்கள் என்றாள். ராகு காலம் தொடங்குவதற்குள் எல்லாக் கையெழுத்துகளும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

கலைமதியும் மாதவனும் ஆட்டோ பிடித்து நேராக வீட்டுக்குப் போனார்கள். இறங்கி, ஆட்டோவை அனுப்பிவிட்டு, வாசலில் நின்றபோதுதான் கேட்டில் பூட்டுத் தொங்குவது தெரிந்தது. சாவியை யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. மாதவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போனை எடுத்த ரங்கசாமி பதறினார்; அவரும் தங்கையும் ஹோட்டலில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்களாம், சாவி சட்டைப்பையிலேயே இருக்கிறதாம்.

"மெதுவா சாப்பிட்டுட்டு வாங்க," என்றாள் கலைமதி. "நாங்க எங்க வீட்டு வாசல்லதான நிக்கிறோம்."