தோள் படும் இடம்

பிலிமத்தலாவையில் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர் லாபிர். மனைவி பஸீஹா மவுத்தாகி, அடக்கம் செய்து சில வருடங்கள். மகள் கட்டாரில். வீடு கடுகண்ணாவை மேட்டில். ஏறிப் போனால் கதவைத் திறப்பதும் அவர்தான், மூடுவதும் அவர்தான்.

கொஞ்ச நாளாகக் குதிகாலின் பின்பக்கம் வீங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கினாலே உயிர் போனது. நோவென்று வாய் திறந்தால் நம் ஊரில் ஆளுக்கு ஆள் பரிகாரிதான். வாதம் என்றார் ஒருவர், சீனி வருத்தம் என்றார் இன்னொருவர். கடைசியில் டொக்டர் றஞ்சனாவிடம் போனார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. கெண்டைக்காலிலிருந்து தடவிக்கொண்டே வந்து குதிகாலின் பின்னால் அழுத்தினார். "யா அல்லாஹ்!" என்றார் லாபிர்.

"கெண்டைச் சதையைக் குதிகாலோட கட்டி வைச்சிருக்கிற நார் இது. மேடு ஏற ஏற இழுபடும். உங்கட சப்பாத்தின்ர பின்பக்கமும் கல்லு மாதிரி; அதில உரஞ்சியும் வீங்கியிருக்கு. பின்பக்கம் திறந்த, குதி கொஞ்சம் உயர்ந்த செருப்புப் போடுங்கோ. பயிற்சி சொல்லித் தாறன். விரலை ஊண்டிக் காலை மடிச்சு இருக்கிறதையும் கொஞ்சக் காலம் விடுங்கோ."

"தொழுறது, டொக்டர்?"

"கதிரையில இருந்து தொழுங்கோவன்."

சப்பாத்தை அன்றைக்கே விட்டார். பயிற்சியையும் தவறாமல் செய்தார். கதிரைதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. கடைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில், வரிசையில் நிற்கும்போது பலசரக்குக் கடை ஃபாஸிலின் தோள் அவர் தோளில் படும். பஸீஹா போன பிறகு இன்னொரு மனிதரின் சூடு அவர் உடம்பில் படுவது அங்கே மட்டும்தான். இதை எந்த டொக்டரிடம் சொல்வது?

ஆனாலும் ஒருநாள் கதிரையோடு போனார். "லாபிர் நானா, ஓரத்துல போடுங்க, எடம் ஈக்கி," என்றார் ஃபாஸில், அன்பாகத்தான். கதிரையை வரிசைக்கு நேராக வைத்ததில், எழுந்து நிற்கும்போது லாபிர் ஓரடி முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. இமாம் இடைவெளி விடாதீர்கள் என்றதும் ஃபாஸில் மறுபக்கத்து ஆளோடு நெருங்கிக்கொண்டார். லாபிருக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. தொழுகை முழுக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய இடத்திலேயே நின்றார். நெற்றி நிலத்தில் பட ஸுஜூது செய்து எழும்பும்போதெல்லாம் குதிகால் தெறித்தது. அடுத்த நாளும் அப்படித்தான்.

திரும்பவும் காலைப் பார்த்த டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"செருப்புச் சரி, பயிற்சியும் சரி. பிறகேன் மாறேல்லை? கதிரையிலதானே தொழுறீங்கள்?"

"ஓ டொக்டர், கதிரைலதான்."

ஒரு குழாய் விற்பதற்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர், தொழுகையைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டு, அஸர் தொழுகைக்கு நேரமாகிறதென்று எழுந்து நொண்டிக்கொண்டே போனார்.