இரண்டு அறை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு அறைக்காரி என்று பெயர். அறை கட்டுகிறவள், அதனால் அறைக்காரி. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருத்தனும் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "நான் கொஞ்சம் தள்ளியே உக்காந்துக்கறேன்" என்பான். வருஷக்கணக்காக இதே அரைத்த மாவுதான். அவளும் சளைக்காமல் சிரித்து வைப்பாள்.

நாங்கள் செய்வது துப்பாக்கி விளையாட்டு. விளையாடுகிறவனுக்குத் தன் முகம் தெரியாது. திரையின் அடியில் இரண்டு கை, ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். சுட்டுக்கொண்டே ஓடுகிற அவனுக்கு எப்படிக் கதை சொல்வது? யாராவது வந்து நாலு வார்த்தை பேசினால் பட்டனைத் தட்டித் தாண்டிப் போய்விடுவான். அதனால் கதையை அறைக்குள் வைக்க வேண்டும். கவிழ்ந்த நாற்காலி, பாதி சாப்பிட்ட தட்டு, ஒற்றைச் செருப்பு. இங்கே யார் இருந்தார்கள், எது வந்து கெடுத்தது, எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதெல்லாம் அவன் தோட்டா பொறுக்கக் குனிகிற நேரத்துக்குள் புரிந்துவிட வேண்டும். அதைச் செய்வதில் அறைக்காரியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"எதைத் தேடி வர்றானோ அது பக்கத்துலதான்ணா கதையை வைக்கணும்" என்பாள். தோட்டாப் பெட்டியை ஒட்டிக் குழந்தையின் செருப்பை வைப்பாள். "இருக்கிற சாமானைவிட இல்லாத சாமான்தான் ஜாஸ்தி பேசும்" என்றும் சொல்வாள். ஆணி இருக்கும், படம் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு நானே ஒருநாள் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை சத்தம். அதிலும் காலடிச் சத்தம். ஒரு சின்ன அறையில் மரப்பலகை போட்டு, கனமான பூட்ஸ் மாட்டிக்கொண்டு எதிரிக்காக நான் நடப்பேன். நிஜத்தில் நான் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள். ஆனால் என் நடையைக் கேட்டு எத்தனையோ பேர் ஹெட்போனைக் கழற்றி வைத்திருக்கிறார்களாம். இந்த நடைக்கே சம்பளம் ஏற்றலாம் என்பார் மேனேஜர். சொல்வதோடு சரி.

அவருக்கும் அறைக்காரிக்கும் ஒரு தீராத சண்டை உண்டு. விளையாட்டின் நாயகன் வாயே திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பேசினால் அவன் வேறு ஆளாகிவிடுவானாம். பேசாமல் இருந்தால்தான் விளையாடுகிறவன், 'இது நான்' என்று நம்புவானாம்.

"உள்ள ஒளிஞ்சிருக்கிறவங்களுக்கு அவன் நல்லவனா கெட்டவனான்னு எப்படி சார் தெரியும்? அவங்களுக்கு வெறும் காலடிதானே கேக்குது" என்பாள் இவள்.

"ஒளிஞ்சிருக்கிறவங்க யாரும் காசு குடுத்து நம்ம விளையாட்டை வாங்கலையேம்மா" என்பார் அவர். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. அதே ஊரில் இன்னொரு கோடியில் புருஷனோடு இருந்தாள். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பேசுவார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அறைக்காரி சாப்பிடுவாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அந்த வீட்டுக் கதை அத்துப்படி. அப்போது அவர்கள் வாடகைக்கு வேறு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு, "வீடு பாத்தீங்களாடி?" என்று கேட்டாள் அறைக்காரி.

"பாத்தோம்க்கா." தங்கையின் குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் வந்தது. "நேத்து ரெண்டு அறை."

"ரெண்டு போதுமா உங்களுக்கு?"

"போதாதாம். இன்னைக்கு இன்னும் பெருசா கிடைக்கும் போல இருக்கு."

பின்னால் ஆண் குரல் ஏதோ கேட்டது. போன் அணைந்துவிட்டது.

இவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் பாதி வழியில் நின்றது. "அண்ணா, அவ இப்ப என்ன சொன்னா?"

"ரெண்டு அறை வீடு பாத்தாங்களாம்."

"அவ ரூம்னுதான் சொல்லுவா. பொறந்ததுலேருந்து ரூம்தான். அறைங்கிற வார்த்தை என் பேரை வச்சுக் கிண்டல் பண்றப்ப மட்டும்தான் அவ வாயில வரும்." அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. "வீட்டைப் பத்திப் பேசலண்ணா. வாங்கின அடியைச் சொல்றா. அவன் பக்கத்துலயே நின்னிருக்கான்."

திரும்பக் கூப்பிட்டாள். மணி போகவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

போகிற வழியில் பின்சீட்டிலிருந்தே போலீசுக்குச் சொன்னாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அம்மாவையும் கூப்பிட்டாள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்டி. அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அம்மா ஆரம்பித்தார். அவரை முடிக்க விடாமல் இவள் போனை அணைத்துவிட்டாள். அந்தாள் வீட்டில் இருந்தால் நான் என்ன செய்யப்போகிறேன்? அடிக்கவா தெரியும் எனக்கு? நடக்கத்தான் தெரியும்.

மூன்றாவது மாடி. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஓடிப்போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மறைப்பானேன்? அவள் உள்ளே போனாள். வேறு வழியில்லாமல் நானும் போனேன்.

கூடத்தில் யாரும் இல்லை. மேஜையில் பாதி தேய்த்த சட்டை. இஸ்திரிப் பெட்டியின் ஒயர் பிடுங்கப்பட்டுத் தொங்கியது. நாற்காலி ஒன்று மல்லாந்து கிடந்தது. சுவரோரம் தங்கையின் போன் இரண்டு துண்டாகக் கிடந்தது. எங்கள் விளையாட்டுக்குள் நுழைந்துவிட்டது போல இருந்தது. அங்கே பட்டனைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம். இங்கே பட்டன் இல்லை.

அறைக்காரி எதையும் தொடவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் ஷூ இல்ல. வண்டிச் சாவி இல்ல. வெளியில போயிருக்கான்" என்று முணுமுணுத்தாள். "இவ செருப்பு இருக்கு. இவ போகல."

சமையலறையை எட்டிப் பார்த்தோம். கத்தி செருகும் கட்டையில் பெரிய கத்தியின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"ஐயோ, அவன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றேன்.

"வெளியில போறவனுக்கு எதுக்கு சமையக் கத்தி? அவகிட்ட இருக்கு."

நடையின் கோடியில் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. எனக்கு அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது, இப்போது அவசரமும் சேர்ந்துகொண்டது. அந்தக் கதவைப் பார்த்து வேகமாக நடந்தேன். டக். டக். டக். உள்ளே பிளாஸ்டிக் வாளி ஒன்று உருண்டது. அதன்பின் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அறைக்காரி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். "நடக்காதீங்க. கால்ல பாருங்க."

பார்த்தேன். சத்தப் பதிவின் பாதியில் சாப்பிட வந்தவன், அந்த பூட்ஸைக் கழற்றவே இல்லை. எதிரியின் பூட்ஸ். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கத்தியோடு நிற்கிறாள். அவளுக்கு என் முகம் தெரியாது. திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள்.

"கத்தியை அவ நம்ம பக்கம் பிடிச்சிருக்காளா, தன் பக்கம் பிடிச்சிருக்காளான்னு தெரியலண்ணா" என்றாள் அக்காக்காரி. அவள் கண்ணில் நீர் திரண்டிருந்தது. "நான்தான்டி" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அது யார் குரல் என்றே தெரியாமல் வெறும் காற்றாக வந்தது. உள்ளே அசைவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எச்சிலை விழுங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற மாதிரியே பேச ஆரம்பித்தாள்.

"ஏய், அறைக்காரி வந்திருக்கேன்டி. ரெண்டு அறைன்னு சொன்னியே, எனக்கு லேட்டாத்தான் உறைச்சுது. நான் ஒரு மரமண்டை. நடந்தது அவன் இல்ல. எங்க ஆபீஸ் சத்தக்கார அண்ணா. பூட்ஸைக் கழட்டாம வந்துட்டாரு. அவரு கரப்பான்பூச்சியைப் பாத்தாலே கத்துவாருன்னு சொல்லியிருக்கேன்ல?"

என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், பேசுங்கள் என்று.

"ஆமாம்மா" என்றேன். "பறக்கிற கரப்பான்னா வீட்டை விட்டே ஓடிருவேன்."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. தங்கை நின்றிருந்தாள். இடது கன்னம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்திருந்தாள். விரல்கள் பிரிய மறுத்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"அவர்தான்னு நெனச்சேன்க்கா. இன்னைக்கு முடிச்சுடறேன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னும் ஒரு காலடி கேட்டிருந்தா என் கழுத்துலயே வச்சிருப்பேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். முடிச்சு அவிழவில்லை, அப்படியே உருவினேன்.

போலீசுக்குக் காத்திராமல் மூவருமாகப் படியில் இறங்கும்போது கீழிருந்து காலடிச் சத்தம் ஏறி வந்தது. ஆண் நடை, தோல் ஷூ. நான் பூட்ஸைக் கையில் ஓங்கிக்கொண்டு நின்றேன், அதனால் என்ன பிரயோஜனமோ. தங்கை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அவர் இல்ல" என்றாள். "அவர் குதிகாலைத் தேச்சு வைப்பாரு."

காய்கறிப் பையோடு மேல்மாடிக்காரர் எங்களைத் தாண்டிப் போனார். சத்தத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அது அந்தப் படிக்கட்டோடு போயிற்று.

தங்கை இப்போது அக்காவோடு இருக்கிறாள். அவன் மேல் வழக்கு நடக்கிறது. அவனோ வெளியில்தான் திரிகிறான். எங்கள் விளையாட்டில் நாயகன் ஒரு கதவுக்கு முன்னாலாவது வாயைத் திறந்து, தான் யார் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இனிமேல் நான் நடக்கமாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் போட்ட ஒரே சண்டை. ஒரு கதவுக்கு ஒப்புக்கொண்டார். விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் பட்டனைத் தட்டித் தாண்டிவிடுகிறார்களாம். தாண்டட்டும்.

அறைக்காரி வீட்டுக்கு எப்போதாவது போவேன். கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "சத்தக்கார அண்ணா வந்திருக்கேன்" என்று படியிலிருந்தே கூவிக்கொண்டு ஏறுவேன். குடியிருப்பவர்கள் என்னைக் கிறுக்கன் என்று நினைக்கிறார்கள். தங்கைதான் வந்து கதவைத் திறப்பாள். "வாங்கண்ணா" என்று நன்றாகச் சிரிப்பாள். இடது கையால் திறப்பாள். வலது கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். நான் உள்ளே வந்து, தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அந்தக் கையோடு சமையலறைக்குப் போவாள். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.