மூணாறில் மூன்று மெத்தையும் ஒரு பிளாங்கும்

போன வருடம் குளியலறையில் வாளியைத் தூக்கக் குனிந்தபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடிப்பு ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. இடது பாதம்தான் இரண்டு மாதம் மரத்துக் கிடந்தது. மறுபடி பிடித்து, கால் கட்டைவிரலை அசைக்க முடியாமல் போனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெளியூர் என்றாலே எனக்குப் பயம். இந்த ஜனவரியில் மூணாறு போனதுகூட ஊர் பார்க்கிற ஆசையில் இல்லை. பாலக்காட்டுச் சித்தூர் கல்லூரியில் என்னோடு படித்த முத்துலட்சுமியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். போகாவிட்டால் ஜென்மத்துக்கும் பேசமாட்டாள்.

காலை ஆறு மணிக்குச் சித்தூரில் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பஸ் மாற வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே இடம் கிடைத்தால் இடுப்புக்காரர்கள் ஏறாதீர்கள், அடுத்த பஸ்ஸுக்கு நில்லுங்கள். சின்னாறு காட்டில் யானை தெரிகிறதா என்று பஸ்ஸே ஜன்னலில் தொங்கியது. நான் மட்டும் குனிந்து இடது கட்டைவிரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியது. அடுத்த வளைவில் மறுபடி ஆட்டினேன்.

மூணாறு சேர மதியம் ஒன்றரை. அங்கிருந்து முத்துலட்சுமி வீடு இருக்கும் தேயிலை எஸ்டேட்டுக்கு எட்டு கிலோமீட்டர், ஜீப் வாடகை ஆயிரத்து இருநூறு. கடைசி மூன்று கிலோமீட்டரை ரோடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். உருண்டைக் கல்லைக் கொட்டி விட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்ணா, அவசரம்னா இங்க ஆம்புலன்ஸ் வருமுங்களா?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் கீழ தார் ரோட்டோட நின்னுரும்க்கா. முடியாதவகள நாங்கதான் இந்த ஜீப்புல இறக்குவோம். பயப்படாதீக."

அவர் தைரியம்தான் சொன்னார். நான் இடது கட்டைவிரலை மறுபடி ஆட்டிப் பார்த்தேன்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. என் இடுப்புக் கதை முத்துலட்சுமிக்குத் தெரியும் என்பதால், வீட்டிலிருந்த மூன்று பஞ்சு மெத்தைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு எனக்குப் படுக்கை விரித்திருந்தாள். சிக்கல் மறுநாள் காலையில் வந்தது.

தினமும் காலையில் நான் பிளாங்க் செய்வேன். முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, குப்புற, உடம்பைப் பலகை மாதிரி நேராக நிறுத்தி வைப்பது. முதுகெலும்பைத் தாங்கும் வயிற்றுச் சதைகள் பலப்பட வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் கல்பனா கொடுத்த பயிற்சி. வீட்டில் சிமெண்டுத் தரையில் பாயைப் போட்டுச் செய்வேன். இங்கேயும் பாயை விரித்தேன். முத்துலட்சுமி பிடுங்கிவிட்டாள்.

"ஏட்டி, தர ஐஸா கெடக்கு. வந்த மனுசியத் தரையில போட்டிருக்கான்னு எங்க மாமியா என்னைய ஏசுவாக. மெத்தையிலயே பண்ணு."

விருந்தாளி தரையில் கிடப்பது அவர்களுக்கு அவமானம். மறுத்துப் பேச எனக்குக் கூச்சம். தவிர, மெத்தென்று இருந்தால் இடுப்புக்கு இதம்தானே என்று என் புத்தியும் சொன்னது.

ஊன்றியதும் முழங்கைகள் புதைந்தன. ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்தது. வயிறு வெடவெடவென்று நடுங்கியது. இடுப்பு தொட்டில் மாதிரி கீழே தொய்ய, முதுகில் சுளீர் என்றது. அப்படியே முகம் புதைய விழுந்தேன். முதலில் கட்டைவிரலைத்தான் தேடினேன். அசையவில்லை.

"ஏட்டி, என்ன இப்படிக் கெடக்க? பேசுட்டி!"

"காலு... காலு வரலை புள்ள."

அவள் அழுதுகொண்டே என் போனில் கல்பனாவைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி என் காதில் வைத்தாள். எனக்குக் கண்ணில் தெரிந்ததெல்லாம் அந்தக் கல் ரோடு மட்டுமே.

"மெத்தைலயா பண்ணுனீங்க? ஏனுங்க்கா, அது ஆடுமுங்களே! ஆடற எடத்துல உடம்ப நேரா நிறுத்தோணும்னா வயித்துச் சதை இன்னும் அதிகமாப் பாடுபடோணுமுங்க. நல்ல இடுப்புக்கு அது பயிற்சி, உங்களுக்கு வினை. எந்திரிக்காதீங்க. பயத்துல உடம்பு வெறச்சிருக்கும். மூச்ச விட்டுட்டு மெதுவா வெரல ஆட்டிப் பாருங்க."

மூச்சு விட்டேன். சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். விரல் அசைந்ததா, நான்தான் நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. முத்துலட்சுமி பாதத்தைப் பிடித்துப் பார்த்து, "லேசா அசையுதுட்டி" என்றாள். என்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்கிறாளோ என்று அதற்கும் பயந்தேன். எதற்கும் உடனே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள் கல்பனா.

அதே ஜீப். பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்து, உருளாமல் முத்துலட்சுமி பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து இறக்கினார். பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. பாதி வழியில் அதுவும் நின்றது. இனிமேல் நடக்கமாட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். கீழே தார் ரோட்டோரம் நின்ற ஆம்புலன்ஸுக்கு மாற்ற இருவரும் தாங்கி இறக்கியபோது, செருப்பில்லாத இடது காலைத் தரையில் வைத்தேன். கூரான ஜல்லி ஒன்று உள்ளங்காலில் குத்தியது. "ஆ!" என்று கத்திவிட்டுச் சிரித்தேன். வலித்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

சதைப்பிடிப்புதான், நரம்புக்கு ஒன்றும் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

இடுப்புவலியோடு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தடித்த பாய் ஒன்று கொண்டுவாருங்கள், கெட்டித் தரையிலேயே செய்யுங்கள். தரை குளிர்ந்தால் வெயில் ஏறும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அன்போடு மெத்தை போடுகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். முத்துலட்சுமியின் மனம் நோகக் கூடாதென்று நான் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் அன்று காலை முழுக்க என் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள்தான்.