பொட்டு வைத்த இரண்டு சர்வர்கள்

கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கும் வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். அதை ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டர்கள் இரண்டு, கம்பெனி ஆபீஸிலேயே இருந்தன. ஒன்று நின்றாலும், வாடிக்கையாளர் பாதி நிரப்பிய ஆர்டரை மற்றது விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தப் புரோகிராமை நானே எழுதியதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஆயுத பூஜையன்று ஆபீஸ் பொறுப்பாளர் செல்வி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"ஓடுற மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது தம்பி. நிப்பாட்டுங்க."

"ஒன்னொன்னா நிப்பாட்டுறேன்க்கா. யாருக்கும் தெரியாது."

முதல் சர்வரை நிறுத்தினேன். திருமங்கலத்து பம்புசெட் கடைக்காரர் ஒருவர் நிரப்பிக்கொண்டிருந்த ஆர்டர் இரண்டாவதில் பத்திரமாக இருந்தது. பொட்டு வைத்ததும் முதலாவதை ஓடவிட்டு, இரண்டாவதை நிறுத்தினேன். ஆர்டரைக் காணோம். அதே மிஷின்கள், அதே புரோகிராம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

போன் அடித்தது. அந்தக் கடைக்காரர்தான்.

"தம்பி, நாப்பது அயிட்டம் அடிச்சேன், அம்புட்டும் போச்சு. நான்தான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?"

"இருக்கும்ணே," என்றேன்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. மறுபடி அடிக்கிறேன்."

இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் பிடிபட்டது. ஒரு சர்வர் நின்றால் என்ன செய்வதென்று எழுதியிருந்தேன். அது திரும்பி வந்ததும், இல்லாத நேரத்தில் நடந்ததை அதற்குச் சொல்ல வேண்டும் என்று எழுதவே இல்லை. சில வரிகளில் சரிசெய்துவிட்டேன்.

கடைக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் அதன்பின் வெப்சைட் பக்கமே வராமல், செல்வி அக்காவிடம் போனில்தான் ஆர்டர் சொன்னார். "நான் தொட்டா உங்க மிஷின் கெட்டுப்போகும்மா" என்பாராம்.

அந்த "இருக்கும்ணே" என் வாயில் எப்படி வந்தது என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.